அரசு வழக்கறிஞர் எழுந்திருக்காத நாட்கள்

[திரையில்: நீதிமன்ற அறை. சாட்சிக் கூண்டு காலியாக இருக்கிறது.]

வணக்கம். ஒரு கிரிமினல் வழக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடுவது யார்? அவர்கள் காசு கொடுத்து வைத்த வக்கீல் இல்லை. அரசு வழக்கறிஞர், அதாவது நம் ஊர்ப் பேச்சில் பி.பி. அவரை நியமிப்பது மாநில அரசு. சரி, கூண்டில் நிற்க வேண்டியவரே அந்த மாநிலத்தின் முதலமைச்சர் என்றால்?

தமிழ்நாட்டில் இது நடந்தது. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் 1997ல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. வருமானத்துக்கு மீறி 66 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு. சென்னையில் சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து சத்தியம் செய்து சொல்லிவிட்டுப் போனார்கள். 2001ல் ஆட்சி மாறியது, ஜெயலலிதாவே முதலமைச்சரானார். பழைய அரசு வழக்கறிஞர் விலகினார், புதியவர் வந்தார்.

[திரையில்: 76 → 64]

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏற்கெனவே சாட்சி சொன்னவர்களை மறுபடி கூப்பிட வேண்டும் என்று எதிர்த்தரப்பு மனு போடுகிறது. இவ்வளவு காலம் கழித்து எதற்கு என்று அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபிக்கவில்லை. 76 பேர் மறுபடி வந்தார்கள். அதில் 64 பேர், முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள்.

சாட்சி பிறழ்ந்தால் என்ன செய்வது என்பது எந்த ஜூனியர் வக்கீலுக்கும் தெரியும். நீதிபதியிடம் அனுமதி வாங்கி, பழைய வாக்குமூலத்தை அவர் முன்னால் வைத்து, ‘அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?’ என்று துருவ வேண்டும். அதுவும் நடக்கவில்லை. பொய் சாட்சிக்கு நடவடிக்கை கேட்டும் மனு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதி நேரில் கேள்வி கேட்கும் கட்டத்தில், ஜெயலலிதா வரத் தேவையில்லை, கேள்விகளை அனுப்பினால் போதும் என்றானது. அதற்கும் எதிர்ப்பில்லை.

அரசியல் தலையீடு என்றதும் அமைச்சர் போன் போட்டு மிரட்டுவதுதான் நம் கண்முன் வரும். எனக்கு அதைவிட பயம் தருவது இந்த மௌனம்தான். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு எந்த ஆவணமும் கிடையாது. இங்கே எண்ணிக்கை 64 என்பதால் வெளியே தெரிந்தது. திமுகவின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். மகளைப் பறிகொடுத்த ஒரு கூலித் தொழிலாளியால் அப்படிப் போக முடியுமா?

2003 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை பெங்களூருவுக்கு மாற்றியது. புதிய அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டப்பட்டவர்களுடன் கைகோத்திருப்பதாகவே தெரிகிறது என்று தீர்ப்பிலேயே எழுதியது. இனி அரசு வழக்கறிஞரை கர்நாடக அரசு, தன் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து நியமிக்க வேண்டும் என்றது. பி.வி. ஆச்சார்யா வந்தார், 2012ல் விலகினார். அடுத்து பவானி சிங். 2014 செப்டம்பர் 27 அன்று ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறை, 100 கோடி அபராதம்.

அதோடு முடியவில்லை. மேல்முறையீட்டில் வாதாட பவானி சிங்கை நியமித்தது கர்நாடகம் இல்லை, தமிழ்நாடு அரசு. அப்போது இங்கே ஆட்சியில் இருந்தது ஜெயலலிதாவின் கட்சி. அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2015 ஏப்ரல் 27ல். அதற்குள் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வாதம் முழுக்க முடிந்துவிட்டது. மறு விசாரணை கிடையாது, வேண்டுமானால் எழுத்தில் கொடுங்கள் என்று கர்நாடகத்துக்குக் கிடைத்த அவகாசம் ஒரே ஒரு நாள்.

[திரையில்: கூட்டல் கணக்கு]

மே 11 அன்று விடுதலை. அந்தத் தீர்ப்பில் வருமானமாக எடுத்துக்கொண்ட கடன் தொகைகளைக் கூட்டினால் 10.67 கோடி வருகிறது, ஆனால் 24.17 கோடி என்று எழுதப்பட்டிருந்தது. மேல்முறையீட்டு விசாரணை நடந்த நாட்களில், இதையெல்லாம் அரசுத் தரப்புக்காக நின்று பேச முறையான அதிகாரம் பெற்ற ஒருவர்கூட அந்த அறையில் இருக்கவில்லை.

2017 பிப்ரவரி 14ல் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது. ஜெயலலிதாவோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா, இளவரசி, சுதாகரன் சிறைக்குப் போனார்கள். ஜெயலலிதா இறந்து அப்போது இரண்டு மாதம் கடந்திருந்தது.