அமாபியே படத்தை வீட்டில் மாட்டலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

போன காணொளியில் காட்டிய அமாபியே என்ற ஜப்பானியக் கடல் மாயப் பிராணியின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "இதை வீட்டில் மாட்டினால் நோய் வராது என்று ஜப்பானியர்கள் நம்பினார்களா? அப்படியென்றால் ஏன் இப்படிக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள்?" இரண்டாவது வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

சரி, முதலில் நம்பிக்கை விஷயம். இந்தப் படம் 1846இல் அச்சான ஒற்றைத் தாள். கவரபான் பற்றிப் பேசியிருக்கிறோமே, மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்துத் தெருவில் விற்ற செய்தித்தாள், அந்த வகை. இப்போது கியோட்டோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஹிகோ நாட்டில், அதாவது இன்றைய குமாமோட்டோவில், இரவுதோறும் கடலில் ஏதோ ஒளிர்ந்ததாம். பார்க்கப் போன அதிகாரியின் முன் இது தோன்றி, தன் பெயரைச் சொல்லி, ஆறு ஆண்டுகளுக்கு விளைச்சல் நன்றாக இருக்கும், ஆனால் நோயும் பரவும், சீக்கிரம் என்னை வரைந்து மக்களுக்குக் காட்டு என்றதாம். உடனே கடலுக்குள் போய்விட்டது. தாளில் இருப்பது அவ்வளவுதான். படம் நோயைத் தடுக்கும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. கும்பிடச் சொல்லவில்லை, வரையச் சொன்னது.

இதன் பங்காளிகள் வேறு மாதிரி. 1858இல் காலரா பரவியபோது பேசப்பட்ட யோகென் நோ தோரி என்ற இரட்டைத்தலைக் காக்கை, ஒரு தலை கறுப்பு, ஒரு தலை வெள்ளை, தன் உருவத்தைக் காலையும் மாலையும் வணங்கினால் தப்பிக்கலாம் என்றே சொன்னது. அந்த நம்பிக்கை அமாபியே மேலும் ஏறிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இப்போது கிறுக்கலுக்கு வருவோம். கிட்டே போய்ப் பாருங்கள். சாய்சதுரக் கண், பறவை அலகு, நீண்ட கூந்தல், கழுத்துக்குக் கீழே செதில், அடியில் மூன்று முனை, அது காலா துடுப்பா தெரியாது. அதிகாரி எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, அனுப்பிய படத்தின் நகல் என்று தாளே சொல்லிக்கொள்கிறது. நகலைப் பார்த்துச் செதுக்கிய அவசர வேலை. அதோடு, தன்னைப் பரப்பச் சொல்லும் செய்தியைவிடத் தாள் விற்பவருக்கு வேறென்ன வேண்டும்!

ஆனால் இந்த எளிமைதான் அதன் பலம். மஞ்சளைப் பிடித்து வைத்து அருகம்புல் செருகினால் பிள்ளையார் ஆகிவிடுகிறார் அல்லவா, அப்படி. அலகும் செதிலும் மூன்று காலும் இருந்தால் யார் வரைந்தாலும் அது அமாபியேதான். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது ஜப்பானில் ஆளாளுக்கு வரைந்து இணையத்தில் போட்டார்கள். மாயப் பிராணிகளைப் படக்கதைகளாக வரைந்த ஓவியர் மிசுகி ஷிகேரு முன்பே வரைந்திருந்த வண்ணப் படத்தை அவருடைய நிறுவனம் பகிர்ந்தது. ஏப்ரலில் சுகாதார அமைச்சகமே தன் விழிப்புணர்வுப் படத்தில் சேர்த்துக்கொண்டது. பெரிய கண் வைத்துச் செல்லமாக்கிய பொம்மைகள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பயறு விழுதில் பிடித்த வகாஷி இனிப்புகள் பிடித்தன. அலகுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் நிற விழுது, வேலை முடிந்தது. மறுபடியும் சொல்கிறேன், அது கேட்டது பூசை அல்ல, வரைய ஒரு கை.

அதனால் மாட்டலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக மாட்டுங்கள், ஆனால் நீங்களே வரைந்து மாட்டுங்கள். அப்புறம், கால் மூன்று. போன முறை படம் அனுப்பிய சிலர் இரண்டோடு நிறுத்திவிட்டார்கள்.