வில்லுப்பாட்டுப் புலவரும் படமெடுத்த கலைவாணரும்

(களியக்காவிளையில் ஒரு நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைப் பற்றிப் பேச்சு என்று நோட்டீஸில் பார்த்ததும், அவர் வாரிக் கொடுத்த கதைகளைச் சொல்வேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அந்தக் கதைகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். இங்கே பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரியில் இறங்கினால் பக்கத்தில்தான் ஒழுகினசேரி. பழையாற்றங்கரை. அந்த ஊர்க்காரரைப் பற்றி உங்களிடமே புதிதாகச் சொல்வதற்கு எனக்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அதனால் கொடைவள்ளல் கிருஷ்ணனை இன்று விட்டுவிடுகிறேன். படம் தயாரித்த, படம் இயக்கிய கிருஷ்ணனைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

1908 நவம்பர் 29-ல் பிறந்தார். அப்பா பெயர் சுடலைமுத்து, அம்மா இசக்கியம்மாள். கோயில் கொடைவிழாவில் வில்லடிக்கும்போது வருகிற சுடலை, இசக்கி என்ற இரண்டு தெய்வங்களின் பெயர்களும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. சிறு வயதில் அவரும் வில்லுப்பாட்டில் இருந்தவர்தான். அப்புறம் பாய்ஸ் கம்பெனி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபை, அங்கிருந்து சினிமா. எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த ‘சதி லீலாவதி’யில் 1936-ல் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனே போனபோது நடிகை டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார், அந்த ஆண்டே கல்யாணம்.

இதில் நாடக சபையில் என்ன கற்றார் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். வில்லுப்பாட்டை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் விஷயமே இருக்கிறது.

வில்லுக்கு முன்னால் நடுவில் புலவர் உட்கார்ந்திருப்பார். குடம் ஒருவர், உடுக்கு ஒருவர், ஜால்ரா ஒருவர். வலதுபக்கம் பாடுகிறவர்கள், இடதுபக்கம் பாடுகிறவர்கள் என்று இரண்டு அணி. கதை சொல்வது புலவர். இசக்கியாக அழுவதும் அவரே, அடுத்த நிமிடம் வெளியே வந்து ‘இப்படி ஒரு அநியாயம் உண்டா?’ என்று கேட்பதும் அவரே. பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார், சில சமயம் எடக்காக எதிர்க்கேள்வி போடுவார். கூட்டம் அசந்தால் புலவர் வில்லை அடிக்கும் வீசுகோலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி வேகத்தைக் கூட்டுவார். எங்கே பாட்டு, எங்கே பேச்சு, எங்கே சிரிப்பு என்று முடிவு செய்கிறவர் அங்கே ஒருவர்தான். இயக்குநர் வேலை என்பது வேறென்ன?

இதே ஏற்பாட்டைத்தான் கிருஷ்ணன் சினிமாவுக்குக் கொண்டுபோனார். அந்தக் காலப் படங்களில் அவருடைய நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் தனிக் கதை. நாயகன் நாயகி ஒரு பக்கம் பாடிக்கொண்டிருப்பார்கள், இவரும் மதுரமும் இன்னொரு பக்கம் தனியாக ஒரு குடும்பம் நடத்துவார்கள். கூடவே புளிமூட்டை ராமசாமி, டி.எஸ்.துரைராஜ் என்று சொந்தக் கோஷ்டி. யோசனை இவருடையது, பேச்சு இவர் கோஷ்டியில் உருவானது, பல நேரம் தனியாகவே படமாக்கினார்கள். படத்தின் தலைப்பில் இயக்குநர் என்று வேறொருவர் பெயர் இருக்கும். சிரிப்புக் காட்சிகளுக்கு இயக்குநர் யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

‘கிந்தனார்’ காலட்சேபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடுமலை நாராயண கவி எழுதியது. சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனார் சிதம்பரத்துக்கு ஏங்கினார். கிந்தனாருக்கு ஏக்கம் பட்டணத்துப் படிப்பின் மேல். ரயிலேறிப் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்புகிறார். வடிவம் கதாகாலட்சேபம், சரி. ஆனால் பின்பாட்டுக்காரர்கள் குறுக்கே பேச, இவர் அதை வாங்கித் திருப்பி அடிக்கிற அந்த வேகம் நம்மூர்க் கொடை மேடையுடையது. சாதி பற்றி இவ்வளவு கூர்மையாக அன்று பேசியவர்கள் உண்டு. சபையைச் சிரிக்க வைத்துக்கொண்டே பேசியவர்கள் மிகக் குறைவு.

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை நடந்தது. தியாகராஜ பாகவதர், கிருஷ்ணன், படத் தயாரிப்பாளர் கோவை ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் வெளியே வந்தார்கள். அதன் பிறகு பாகவதரால் பழைய இடத்துக்கு வர முடியவில்லை. கிருஷ்ணன் அதே ஆண்டு சொந்தப் படத்தோடு வந்து நின்றார். ஏன் இந்த வித்தியாசம்? ரசனை மாறிவிட்டது என்பார்கள், அதுவும் உண்டுதான். ஆனால் பாகவதர் தனிக் குரல். கிருஷ்ணனுக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது. அவர் சிறையில் இருந்த காலத்தில் மதுரம்தான் எஸ்.வி.சகஸ்ரநாமம் போன்ற நடிகர்களை வைத்து நாடகக் குழுவைக் கலையாமல் காப்பாற்றினார். ‘பைத்தியக்காரன்’ படத்தை அவர் உள்ளே இருக்கும்போதே தொடங்கினார்கள். வெளியே வந்த பிறகு அவரும் அதில் தோன்றினார். வழக்குச் செலவு, குழுவின் சம்பளம், படத்தின் செலவு எல்லாம் ஒரே அம்மாவின் தலையில். என்.எஸ்.கே. பிலிம்ஸின் முதல் உண்மையான தயாரிப்பாளர் டி.ஏ.மதுரம் என்று நான் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

1949-ல் ‘நல்லதம்பி’. அண்ணாவைச் சினிமாவுக்கு எழுத வைத்த படம், அவர் எழுதி முதலில் திரைக்கு வந்ததும் அதுதான். இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர், அந்தக் கிருஷ்ணன் வேறு. நாயகன் நம்மவர்.

1951-ல் ‘மணமகள்’. இதில்தான் இயக்கம் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார், தயாரிப்பும் அவரே. எல்லையில் இருக்கிற நாம் இந்தப் படத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மூலக்கதை முன்ஷி பரமு பிள்ளையின் ‘சுப்ரபா’ என்ற மலையாள நாடகம். வசனம் மு.கருணாநிதி. நாயகியர் திருவனந்தபுரத்து லலிதா, பத்மினி. அதுவரை பெரும்பாலும் நடனத்துக்கே அழைக்கப்பட்டு வந்த பத்மினிக்குத் தமிழில் நாயகி அந்தஸ்து தந்தது இந்தப் படம். பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’ எம்.எல்.வசந்தகுமாரி குரலில் திரையில் ஒலித்ததும் இதில்தான், இசை சி.ஆர்.சுப்பராமன். மலையாளக் கதை, திருவாரூர்ப் பக்கத்து வசனம், திருவனந்தபுரத்து நாயகியர், எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்தவர் திருவிதாங்கூர்ப் பிரஜையான ஒரு தமிழர். ஆமாம், அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. நம் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் ‘பணம்’. இயக்கம் மட்டும் இவர், தயாரித்தவர் கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன். ‘பராசக்தி’ வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிவாஜிக்கு இது இரண்டாவது படம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையராக இசையமைத்த முதல் படமும் இதுதான். புதியவர்களை நம்பி நடுவில் உட்கார இவருக்குப் பயமே இல்லை. ‘தீனா மூனா கானா’ என்று பாடிவிட்டு, என்னடா இது, தி.மு.க.வா என்று சபை நிமிரும்போது, அது திருக்குறள் முன்னணிக் கழகம் என்று விளக்கம் சொல்வார். தணிக்கைக்காரர் கையைக் கட்டிப்போடும்படி எடக்குக் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மறுபடியும் சொல்லத் தேவையில்லை.

இயக்குநராக அவர் பெரிய மேதை என்று நான் வாதாட வரவில்லை. காமிரா அவருக்கு மேடைக்கு முன்னால் உட்கார்ந்த இன்னொரு ரசிகர், அவ்வளவுதான். காட்சி நீளும், பேச்சு நீளும். பின்னால் சந்திரபாபு 1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ எடுத்தார். மலையாளத்தில் ஸ்ரீனிவாசன் 1989-ல் ‘வடக்குநோக்கியந்திரம்’ எடுத்தார். அதை நீங்கள் தியேட்டரிலேயே பார்த்திருப்பீர்கள். காமிராவின் மொழி அவர்களிடம் கூடுதலாக இருந்தது. கிருஷ்ணனிடம் கூடுதலாக இருந்தது சபையின் நாடி.

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பிரசாரம் செய்தார். எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். மேடையேறி அந்த டாக்டரைப் புகழ்ந்துகொண்டே போனாராம், கட்சிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில், ‘இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது? அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள்’ என்று முடித்தாராம். அண்ணா ஜெயித்தார்.

அந்த ஆகஸ்ட் 30-ல் கிருஷ்ணன் காலமானார், வயது 48. அவரும் மதுரமும் 1937 ‘அம்பிகாபதி’யில் நடித்தவர்கள். 1957-ல் சிவாஜி நடித்த ‘அம்பிகாபதி’யிலும் நடித்தார்கள். இரண்டாவது படம் வெளியானபோது அவர் இல்லை. இயக்கிய படங்களில் ‘மணமகள்’, ‘பணம்’ இரண்டையும் இங்கிருக்கும் இளைஞர்கள் தேடிப் பார்க்க வேண்டும். முதலில் ‘மணமகள்’. மலையாளம் தெரிந்தவர்கள் ‘சுப்ரபா’ நாடகத்தையும் தேடிப் படித்துவிட்டு, எதை மாற்றினார், எதை அப்படியே விட்டார் என்று அடுத்த ஆண்டு இதே மேடையில் பேசுங்கள். நான் கீழே உட்கார்ந்து ‘ஆமா’ போடுகிறேன்.