ஏற்பி எந்தப் பக்கம் போக வேண்டும்?

நண்பர்களே, வணக்கம். குடல், மூச்சுக்குழாய், சிறுநீரகக் குழல்கள் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் எபிதீலியல் செல்களுக்கு இரண்டு முகங்கள் உண்டு. மேல்முகம் குழாயின் உள்வெளியைப் பார்த்திருக்கும். அடிமுகம், பக்கவாட்டையும் சேர்த்து, இரத்தம் ஓடும் பக்கம் இருக்கும். நடுவில், பக்கத்துச் செல்லோடு நெருக்கமாகப் பிணைக்கும் இறுக்கச் சந்திப்பு. ஒரு முகத்துச் சவ்விலுள்ள புரதம் இதைத் தாண்டி மறுமுகத்துக்கு நழுவ முடியாது.

சரி, வெளியிலிருந்து வரும் பொருளையோ செய்தியையோ பிடிக்கும் சவ்வுப் புரதம்தான் ஏற்பி. செல்லுக்குள் புதிதாகத் தயாராகும் ஏற்பிக்கு எந்த முகம் என்பது எப்படி முடிவாகிறது?

முதல் தடயத்தைத் தந்தவை வைரஸ்கள். நாயின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த செல்களில், இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் மேல்முகத்திலிருந்து மட்டும் வெளியேறுவதையும், வெசிகுலர் ஸ்டொமடைட்டிஸ் வைரஸ் அடிமுகம் வழியாக வெளியேறுவதையும் ரோட்ரிகஸ்-பூலான், சபாத்தினி என்ற ஆய்வாளர்கள் 1978-இல் காட்டினார்கள். செல்லுக்குள் தரம் பிரித்து அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அடிமுகத்துக்குப் போகும் ஏற்பிகள் பலவற்றில், செல்லுக்குள் நீண்டிருக்கும் வால் பகுதியில் சில அமினோ அமிலங்கள் அடையாளமாக இருக்கின்றன. இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமக்கும் துகளான எல்டிஎல்லைப் பிடிப்பது எல்டிஎல் ஏற்பி. அதில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மையமாகக் கொண்ட அடையாளங்கள். இவற்றைப் படிக்கும் புரதக் கூட்டு ஏபி-1பி. பன்றிச் சிறுநீரக செல் வகை ஒன்றில் இதன் துணை அலகு ஒன்று கிடையாது. அதனால் அங்கே எல்டிஎல் ஏற்பி மேல்முகத்துக்குத் தவறிப் போகிறது. அந்தத் துணை அலகைக் கொடுத்ததும் ஏற்பி அடிமுகத்துக்கே போனது. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. மேல்முகத்துக்கான அடையாளங்கள் வேறு வகை: புரதத்தில் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகள், புரதத்தைச் சவ்வில் பிடித்து வைக்கும் கொழுப்பு நங்கூரம் போன்றவை. ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சுமக்கும் ஏற்பியோ இரண்டு முகத்தையும் பார்க்கிறது. முதலில் அடிமுகத்துக்குப் போய்ச் சரக்கைப் பிடிக்கிறது, அப்புறம் செல்லைக் கடந்து மேல்முகத்துக்கு வருகிறது.

முகம் மாறினால் என்ன ஆகும்? பரம்பரையாக வரும் அதிக கொலஸ்டிரால் நோயில் ஒரு மரபணு மாற்றம், எல்டிஎல் ஏற்பியின் வாலில் 823-ஆம் இடத்து கிளைசினை அஸ்பார்ட்டிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. கல்லீரல் செல்லில் ஏற்பி அடிமுகமான இரத்தப் பக்கம் நிற்காமல், மேல்முகமான பித்தப் பக்கம் போய் நிற்கிறது. எல்டிஎல் இருப்பதோ இரத்தத்தில்! ஏற்பி உருவாகிறது, சவ்வுக்கும் வந்து சேர்கிறது. ஆனால் நோயாளிக்கு அதனால் பயனில்லை. இரண்டு முகமில்லாத சாதாரண செல்லில் இதைச் சோதித்தால் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. ஏற்பியில் ஏதாவது மாற்றத்தை ஆராய்பவர்கள், முகங்கள் பிரிந்த செல் அடுக்கிலும் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பிரித்து வைப்பதே பயனாகும் இடமும் உண்டு. மூச்சுக்குழாயில் ஹெரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணி மேல்முகத்தை நனைக்கும் நீர்மத்தில் இருக்கிறது. அதன் ஏற்பிகள் அடிமுகத்தில். இடையில் இறுக்கச் சந்திப்பு இருப்பதால், அடுக்கு நலமாக உள்ளவரை இரண்டும் சந்திப்பதில்லை. காயம் பட்டு அந்தத் தடுப்பு உடைந்த இடத்தில் மட்டும் ஹெரெகுலின் ஏற்பியை அடைகிறது, பழுதுபார்ப்பு உடனே தொடங்குகிறது. 2003-இல் வெளியான இந்த ஆய்வு இன்னொரு கேள்வியையும் கிளப்பியது: நோயால் இந்தத் தடுப்பு நெடுநாள் கசிந்துகொண்டே இருந்தால், அந்த ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்குமா?