எப்போது பிரிந்தீர்கள்?

வணக்கம். இந்த நேரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டோ, நோர்த் சேர்குலர் நெரிசலில் காருக்குள் இருந்துகொண்டோதான் நிறையப் பேர் கேட்பீர்கள் என்று தயாரிப்பாளர் தம்பி சொன்னார். அதனால் பேனையும் பேப்பரும் எடுங்கள் என்று கேட்கமாட்டேன். முக்கியமானதை இரண்டு மூன்று தரம் சொல்லுவேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

முதலிலேயே ஒன்று. நான் சொலிசிட்டர், அதாவது சட்டத்தரணி, இல்லை. பத்தொன்பது வருஷமாக லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். சொலிசிட்டர் அலுவலகம், கோர்ட், ஆஸ்பத்திரி, பொலிஸ் ஸ்டேஷன், எங்கே கூப்பிட்டாலும் போவேன். பதிவு இல்லாத ஒருவர் இந்த நாட்டில் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம், 1999ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே நிகழ்ச்சி முடிந்ததும் போன் எடுத்து, "அக்கா, என்ர கேஸுக்கு என்ன செய்யலாம்" என்று கேட்டால் பதில் வராது. விதி பொதுவாக எப்படி இருக்கிறது, எங்கட ஆட்கள் அதை எந்த இடத்தில் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் இன்றைய பேச்சு. கலியாணம் முடித்து அந்த விசாவில் இங்கே வந்தவருக்கு, கலியாணம் உடைந்தால் விசா என்ன ஆகும்?

நான் வேலை தொடங்கிய புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு சொலிசிட்டரின் சின்ன அறை. எதிரே ஒரு பெண்பிள்ளை, ஊரில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். மடியில் ஒரு கடைப் பை, அதற்குள் பாஸ்போர்ட், கலியாணப் பதிவுச் சான்றிதழ், நாலைந்து கடித உறை. சொலிசிட்டர் படிவத்தில் இருக்கிற முதல் கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "உங்களுடைய உறவு எப்போது முடிந்தது?"

அந்தப் பிள்ளை என்னைத்தான் பார்த்தது. "முடியேல்லையே அக்கா. தாலி கழுத்தில கிடக்கு. கோர்ட்டில கேஸும் போடேல்லை."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஈஸ்ட்ஹாமில் சிநேகிதி வீட்டில். எவ்வளவு நாளாக? ஏழு மாதம். திரும்பிப் போய்ச் சேர்ந்து வாழ்கிற எண்ணம் இருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் சட்டத்தின் கணக்கில் உங்கள் உறவு ஏழு மாதத்துக்கு முந்தியே முடிந்துவிட்டது என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லத்தானே வேண்டும், சொன்னேன்.

இன்றைக்கும் இதே இடத்தில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். ஸ்பௌஸ் விசா, அதாவது கணவன் மனைவிக்கான விசா, கலியாணச் சான்றிதழுக்காகக் கொடுக்கப்படுவது இல்லை. இருவரும் உண்மையாகச் சேர்ந்து வாழ்கிறார்கள், இனியும் வாழப்போகிறார்கள் என்பதற்காகக் கொடுப்பது. சேர்ந்து வாழ்வது நின்றவுடன் விசாவின் காலுக்குக் கீழே இருக்கிற நிலம் போய்விடும். விவாகரத்துக் கடிதம் பிறகு வருகிற பேப்பர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரலுக்குப் பிறகு யார் மீதும் குற்றம் சொல்லாமலே விவாகரத்துக் கேட்கலாம்; ஆனால் மனுப் பதிவாகி 20 கிழமை பொறுக்கவேண்டும், அதற்குப் பிறகு இன்னும் 6 கிழமையும் ஒரு நாளும். சுளையாக அரை வருஷம். அந்த அரை வருஷம் முடியும்வரை விசாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைக் கிழமைக்கு ஒருவராவது பார்க்கிறேன். திரும்பச் சொல்கிறேன், விவாகரத்து நடந்த நாளைப் பார்க்கமாட்டார்கள். பிரிந்த நாளைத்தான் பார்ப்பார்கள்.

சரி, பிரிந்த அடுத்த நாளே விமானத்தில் ஏற்றிவிடுவார்களா? இல்லை. பிரிந்ததை ஹோம் ஒபீஸுக்கு, விசா கொடுக்கிற உள்துறை அமைச்சுக்கு, அறிவிக்கவேண்டும். கணவரும் அறிவிக்கலாம், மனைவியும் அறிவிக்கலாம். அறிவித்தவுடன் விசா தானாகச் சாகாது. அவர்கள் பார்த்து, முடிவெடுத்து, விசாக் காலத்தைக் குறைப்பதென்றால் கடிதம் அனுப்புவார்கள், வழக்கமாக 60 நாள் கொடுப்பார்கள். அந்த 60 நாளுக்குள் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும், இல்லையென்றால் வெளிக்கிடவேண்டும். 60 நாள் என்பது ஒரு நல்ல சொலிசிட்டரைத் தேடிப்பிடிக்கவே காணாது, அதனால்தான் கடிதம் வரும்வரை காத்திருக்கவேண்டாம் என்று கேஸ் பார்க்கிறவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

இதில் இன்னொரு கதை ஓடுகிறது. "நான் ஒரு போன் எடுத்தால் போதும், நாளைக்கே நீ கட்டுநாயக்காவில" என்று வீட்டுக்குள் மிரட்டுவது. சென்னை விமான நிலையத்தின் பேரைச் சொல்லி மிரட்டுகிறவர்களும் உண்டு. எந்தக் கணவருக்கும் எந்த மாமியாருக்கும் விசாவை ரத்துச் செய்கிற அதிகாரம் இல்லை. ஹோம் ஒபீஸுக்கு மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் தகவல் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளையிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் நான் பிழைவிட்டது இனித்தான். சொலிசிட்டர் கேட்டார், ஏன் வீட்டைவிட்டு வந்தீர்கள்? "வீட்டில கொஞ்சம் பிரச்சினை." நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன், வீட்டில் சின்னப் பிரச்சினை என்று. சொலிசிட்டரும் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டார். எங்கள் தொழிலில் மற்றவர் சொன்னதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் தமிழில் "கொஞ்சம் பிரச்சினை" என்றால் என்னவெல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த மனுஷனுக்குத் தெரியாது!

இரண்டாம் தரம் சந்தித்தபோது அந்தப் பிள்ளை வேறு ஏதோ சொல்லிக்கொண்டு போகையில், "அவர் கோபம் வந்தால் கை நீட்டுவார்" என்றது. கை நீட்டுவார். சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள், யாரோ பஸ்ஸை மறிக்கிற மாதிரி இருக்கும். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொலிசிட்டரிடம், "மன்னிக்கவேண்டும், இந்தத் தமிழ்ச் சொல்லை விளக்கிக் கேட்க அனுமதி வேண்டும்" என்று கேட்டேன். கேட்டோம். எல்லாம் வந்தது. மணிக்கட்டு வீங்கி ஜீபியிடம், குடும்ப டொக்டரிடம், போயிருக்கிறது அந்தப் பிள்ளை, போய், பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறது. ஜீபியின் கணினியிலும் வழுக்கி விழுந்தார் என்றே கிடந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அதே பதிவு பிற்பாடு முக்கியமான சாட்சியாக இருந்திருக்கும். இல்லாததால் சிநேகிதி, சிநேகிதியின் கணவர், கோயிலில் தெரிந்த ஒரு அம்மா என்று ஒவ்வொருவரிடமும் கடிதம் வாங்கிச் சேர்க்கவேண்டி வந்தது.

நான் இதை ஏன் இழுக்கிறேன் என்றால், இந்த நாட்டு விதியில் "பிரச்சினை" என்ற சொல்லுக்கு ஒரு கதவும் திறக்காது. துன்புறுத்தல் என்பதற்குத் திறக்கும். பிரிட்டிஷ் பிரஜை, நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர், அகதி அந்தஸ்து பெற்றவர், இப்படியான ஒருவரின் துணையாக விசாவில் இருந்து, துன்புறுத்தலால் அந்த உறவு முறிந்தது என்று காட்டமுடிந்தால், ஐந்து வருஷம் காத்திருக்காமல் நேரடியாக நிரந்தர வதிவிட உரிமை கேட்கலாம். ஆங்கிலப் பரீட்சை இல்லை. இந்த நாட்டைப் பற்றிக் கேட்கிற லைஃப் இன் த யூகே டெஸ்ட் இல்லை. கையில் காசே இல்லையென்றால் விண்ணப்பக் கட்டணத்தையும் விடச்சொல்லிக் கேட்கலாம். வருமானம் குறைந்தவருக்கு இந்த விண்ணப்பத்துக்கு லீகல் எயிட், அதாவது அரச செலவில் சட்ட உதவி, உண்டு. ஆண்களுக்கும் இதே விதிதான், சில ஆண்களுக்கு மொழிபெயர்த்துமிருக்கிறேன், அவர்கள் "பிரச்சினை" என்றுகூடச் சொல்வதில்லை, "சரிவரேல்லை" என்பார்கள்.

அடிப்பது மட்டுமா துன்புறுத்தல் என்று கேட்பீர்கள். இல்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டம் காசைப் பிடித்துவைப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சம்பளம் அவருடைய கணக்குக்குப் போகும், பஸ்ஸுக்குக் கூடக் கேட்டு வாங்கவேண்டும், நகை மாமியாரின் அலுமாரியில், போனில் யாரோடு கதைத்தாய் என்று இரவில் விசாரணை. இதெல்லாம் "எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதானே" என்று எங்கட ஆட்கள் தள்ளிவிடுவது. மாமியார், மைத்துனர் செய்த கொடுமையால் கலியாணம் உடைந்திருந்தாலும் அதையும் சொல்லவேண்டும்.

இந்த வழி சும்மா வரவில்லை. தொண்ணூறுகளில் கலியாண விசாவுக்கு ஒரு வருஷத் தவணை. அந்த ஒரு வருஷத்துக்குள் வீட்டைவிட்டு வெளியேறினால் நாட்டைவிட்டும் வெளியேறவேண்டும். அடி வாங்கிக்கொண்டு இரு, இல்லையென்றால் போ, அதுதான் தெரிவு. சவுத்ஹாலில் 1979இல் தொடங்கிய சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பும் மற்றப் பெண்கள் அமைப்புகளும் வருஷக்கணக்காகத் தெருவில் நின்று போராடி, 1999இல் ஒரு சலுகை வந்தது, 2002இல் அது விதியானது. தவணை மட்டும் 2003இல் இரண்டு வருஷமாகி, 2012இல் ஐந்து வருஷமாகிவிட்டது! 2012இல்தான் இன்னொன்றும் வந்தது, விண்ணப்பம் தயாரிக்கும்வரை கையில் காசில்லாதவர் அரச உதவிப்பணமும் தங்குமிடமும் பெறுவதற்கு மூன்று மாத அனுமதி. இங்கே கவனம். அந்த மூன்று மாத அனுமதியை எடுத்தால் கையில் இருக்கிற பழைய விசா போய்விடும், மூன்று மாதத்துக்குள் அடுத்த விண்ணப்பம் போயே ஆகவேண்டும். படிவம் சின்னதாக இருக்கிறது என்று யாரோ தெரிந்தவரை வைத்து நிரப்பாதீர்கள், முதலில் சொலிசிட்டரைப் பாருங்கள்.

துன்புறுத்தல் எதுவும் இல்லை, ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டோம், அப்போது? பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை பிரிட்டிஷ் என்றால், பெற்றோர் என்ற வழியில் விண்ணப்பிக்கலாம். ஸ்பௌஸ் விசாவுக்குக் கேட்கிற 29,000 பவுண் வருமான நிபந்தனை அதற்கு இல்லை, ஆனால் பிள்ளையின் வளர்ப்பில் உண்மையாகப் பங்கெடுப்பதைக் காட்டவேண்டும். பள்ளிக்கூடத்தில் விடுகிறீர்களா, பல் டொக்டரிடம் கூட்டிப்போகிறீர்களா, இப்படியான சின்னச்சின்ன விஷயத்தைத்தான் கேட்பார்கள். வேலை தருகிற ஸ்பொன்சர் இருந்தால் வேலை விசாவுக்கு மாறலாம். நிரந்தர வதிவிட உரிமை ஏற்கெனவே கையில் இருந்தால் விவாகரத்து அதைத் தொடாது, பொய்க் கலியாணமாக இருந்தாலொழிய.

வேலை விசாவில் வந்தவரின் துணையாக வந்திருப்பவர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம். பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள், கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர். பிரிந்தால் இவர்களுக்கும் அதே 60 நாள் கடிதம்தான். துன்புறுத்தல் என்றால் 2024இலிருந்து மூன்று மாத அனுமதி இவர்களுக்கும் உண்டு, நிரந்தர உரிமை மட்டும் அந்த வழியில் கிடைக்காது.

இப்போது பிளாஸ்டிக் கார்ட் இல்லை, எல்லாம் ஈ-விசா. போன மாதம் ஒருவர் தன் விசாவைத் திறந்து காட்ட முயன்றார், ஆறு இலக்க எண் வருகிறது, வருவது கணவரின் போனுக்கு. கணக்கைத் திறந்தவர் அவர், ஈமெயிலும் அவருடையது. கலியாணம் நன்றாகப் போகிற வீட்டிலும் சொல்கிறேன், இன்று இரவு சாப்பிட்ட பிறகு பாருங்கள், உங்கள் ஈ-விசாக் கணக்கில் இருப்பது யாருடைய போன் எண் என்று. உங்களுடையதாக இல்லையென்றால் மாற்றுங்கள். பாஸ்போர்ட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமாம். ஊரில் போடுகிற விவாகரத்து வழக்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஓடிக்கொண்டே சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ கோர்ட் கொடுத்த விவாகரத்தை இங்கே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்றுக்கொள்ளலாம், ஆகவே அங்கிருந்து வருகிற நோட்டீஸைத் தூக்கிப்போடாதீர்கள். அங்கே விவாகரத்து ஆகியிருந்தாலும் பணம், வீடு பற்றி இங்கே கோர்ட்டில் கேட்க 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அடுத்தது, விடுமுறைக்கு என்று ஊருக்குக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கணவர் மட்டும் திரும்பி வருவது. அப்படி விடப்பட்டவர்கள் இங்கே திரும்பி வர ஊரில் இருந்தபடியே விண்ணப்பிக்க 2024 தொடக்கத்திலிருந்து விதி இருக்கிறது. ஊரில் அப்படி யாராவது இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

வீட்டில் துன்புறுத்தல் என்றால் 24 மணி நேரமும் இலவசமாக எடுக்கக்கூடிய எண் 0808 2000 247. தமிழ் வேண்டும் என்று கேளுங்கள், மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்வார்கள், நானாகவும் இருக்கலாம். அப்போது தயவுசெய்து "கொஞ்சம் பிரச்சினை" என்று தொடங்காதீர்கள். எண்ணைத் திரும்பச் சொல்கிறேன், 0808 2000 247. சரி தம்பி, முடிக்கிறேன், வணக்கம்.