மீன் இல்லாத சால்மன் பாம்பு

நேயர்களுக்கு வணக்கம். ஃபின்னிய மொழியில் டிராகனுக்கு 'லொஹிகேர்மெ' என்று பெயர். அந்தக் 'கே' நம்முடைய ஏகாரத்தைவிட அகலமானது, வாயை நன்றாகத் திறந்து சொல்ல வேண்டும். அகராதியில் லொஹி என்றால் சால்மன் மீன், கேர்மெ என்றால் பாம்பு. ஆக, சால்மன் பாம்பு! டிராகனுக்கும் செதில் உண்டே, அதனால்தான் இந்தப் பெயர் என்று உடனே ஒரு விளக்கம் முளைத்துவிடும். அங்கேதான் சறுக்குகிறோம்.

பிரித்த இடம் சரிதான். ஃபின்னியத்தில் சொந்தத் தனிச்சொல் ஒன்றுக்குள் 'ஒ'வும் அந்த அகன்ற 'ஏ'யும் சேர்ந்து வராது. இங்கே இரண்டும் வருகின்றன; எனவே நடுவில் ஒட்டு இருக்கிறது. ஒட்டு எங்கே என்று இந்த விதி காட்டும். ஒட்டிய துண்டு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது.

ஃபின்லாந்து 1809 வரை சுவீடனின் ஆட்சியில் இருந்தது. பழைய சுவீடிய மொழியில் 'ஃப்ளோக்டிராக்கி' என்றொரு சொல். பறக்கும் டிராகன் என்று பொருள். ஃபின்னிய நாவுக்குச் சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வருவது ஆகாது. முன்னதை உதறிவிடும். பிரான்ஸ் நாடு அங்கே 'ரன்ஸ்கா', ஸ்டாக்ஹோம் 'துக்ஹோல்மா'. வடமொழி 'ஸ்தானம்' தமிழில் 'தானம்' ஆனதும் இதே போலத்தான். அப்படி 'ஃப்' போனது. அடுத்திருந்த தொண்டையொலி 'ஹ' ஆனது. மிஞ்சிய 'லொஹ்' பொருளற்றுத் தொங்கியபோது, பழகிய மீனின் பெயர் அதை இழுத்துக்கொண்டது. பின்பாதியை ஒலிபெயர்க்கவே இல்லை. டிராக்கியைப் பாம்பு என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். பாதி திரிபு, பாதி மொழிபெயர்ப்பு. சொல்லைப் பார்த்து ஆராய்பவர் ஏமாறுவது இந்தக் கலவையால்தான்.

அதற்காக எல்லா லொஹியையும் சந்தேகிக்க வேண்டாம். 'லொஹிகெய்த்தோ' அசல் சால்மன் சூப்தான். பாலும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்வார்கள்.

கேர்மெயும் கடன்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பால்டிக் மொழிகளிலிருந்து வந்தது. லிதுவேனியத்தில் புழுவுக்குக் 'கிர்மிஸ்' என்று பெயர். அதன் உடன்பிறப்பு வடமொழியில் 'க்ருமி'. அதைத்தான் நாம் கிருமி என்கிறோம்.