கர்ரனின் களம் நீதிமன்றமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரிஷ் வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஃபில்பாட் கர்ரன் அயர்லாந்துக்கு அதிகம் பயன்பட்டது நாடாளுமன்றத்திலா, நீதிமன்றத்திலா? நாடாளுமன்றத்தில்தான் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். ஓயாத விழிப்பு என்ற நிபந்தனையின் பேரில்தான் கடவுள் மனிதனுக்குச் சுதந்திரம் தந்தார் என்று 1790-ல் கர்ரன் பேசியதைத்தான் பெரிய சான்றாகக் காட்டினார். அருமையான பேச்சு. ஆனால் அதை எங்கே பேசினார்? டப்ளின் மேயர் தேர்தல் தகராறு, அரசின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலின் விசாரணைக்குப் போனபோது, வழக்கறிஞராக நின்று வாதாடியபோது பேசினார். எதிரே இருந்தவர் லார்டு சான்சலர் என்ற உயர்ந்த நீதிப் பதவியில் இருந்த ஃபிட்ஸ்கிப்பன், 1785-ல் அவரோடு துப்பாக்கிச் சண்டை போட்டவர். அந்தப் பேச்சு எங்கள் கணக்கில் வர வேண்டியது ஐயா!

நாடாளுமன்றத்துக்கு வருவோம். 1783-லிருந்து 14 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். நாட்டின் பெரும்பான்மையான கத்தோலிக்கர்கள் உறுப்பினராகவே முடியாத அவை அது. 1797-ல் சீர்திருத்தத் தீர்மானம் தோற்றதும் சக உறுப்பினர் கிராட்டனோடு சேர்ந்து அவரே வெளியேறிவிட்டார். 1800-ல் அந்த அவை தன்னையே கலைத்துக்கொள்ளும் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே என்ன மிஞ்சியது?

இப்போது 1780-க்கு வாருங்கள், கார்க் நகரம். டொனரைல் பிரபு தனக்கு வேண்டிய ஒருவர்மேல் கத்தோலிக்கத் திருச்சபை எடுத்த நடவடிக்கையை நீக்கச் சொல்கிறார். ஆயர் உத்தரவு இல்லாமல் முடியாது என்கிறார் நீல் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். வயதான அந்த மனிதரைப் பிரபு குதிரைச் சவுக்கால் அடித்தார். பிரபுவை எதிர்த்து வழக்கை எடுக்க வேறு யாரும் முன்வராதபோது, தொழிலுக்கு வந்து ஐந்தே ஆண்டு ஆன கர்ரன் எடுத்தார். அவர் புராட்டஸ்டண்ட், ஜூரிகளும் புராட்டஸ்டண்டுகள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்போம், அன்று ஏறியது. பாதிரியாருக்கு 30 கினி (அக்காலத் தங்க நாணயம்) இழப்பீடு கிடைத்தது. ஒரு கத்தோலிக்கரை அடித்தால் பிரபுவும் பதில் சொல்லியாக வேண்டும் என்று அந்த ஊர் கண்ணால் பார்த்தது.

"பெரிய வழக்குகளில் எல்லாம் தோற்றாரே" என்றார் எதிரணி நண்பர். உண்மைதான். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி நடந்த 1798-ன் ஜூலையில், கிளர்ச்சியாளர்களான ஷியர்ஸ் சகோதரர்கள் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அவர்கள் வீட்டுக்கே போய் நண்பனாகப் பழகி, பிறகு காட்டிக்கொடுத்தவர் கேப்டன் ஆம்ஸ்ட்ராங். அவரைக் கூண்டில் வைத்துக் கர்ரன் குறுக்கு விசாரணை செய்தார். பதினாறு மணி நேரம் ஆகி, நள்ளிரவும் தாண்டி, உடம்பு தாங்கவில்லை, ஒத்திவையுங்கள் என்று கேட்டார். அரசுத் தரப்பு விடவில்லை. அப்படியே எழுந்து வாதாடினார். சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஆனால் அரசு அமைதியாகப் புதைக்க நினைத்த ஒரு துரோகம் நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டது. அதை ஏற்றியது கர்ரனின் கேள்விகள்.

1803-ல் கிளர்ச்சி செய்து பிடிபட்ட எம்மெட்டுக்காக அவர் ஏன் வாதாடவில்லை என்றும் கேட்டார்கள். மகள் சாராவும் எம்மெட்டும் காதலர்கள் என்று தெரிந்து, வீடே சோதனையிடப்பட்ட நேரம் அது. மகளிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவர் வராத ஒரு வழக்கு இன்றும் நமக்கு உறுத்துகிறது என்றால், நீதிமன்றத்தில் அவர் எவ்வளவு தேவைப்பட்டார் என்று பாருங்கள்.

கடைசியாக, 1798 நவம்பர் 12. ராணுவ நீதிமன்றம், கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான உல்ஃப் டோனுக்கு மரண தண்டனை விதித்திருந்தது. டோனின் தந்தை கொடுத்த பிரமாணப் பத்திரத்தோடு கிங்ஸ் பெஞ்ச் என்ற உயர் நீதிமன்றத்துக்குள் நுழைந்தார் கர்ரன். டோன் மன்னரின் படைவீரர் அல்ல, இந்த நீதிமன்றம் இயங்கும்போது அவரை ராணுவம் எப்படி விசாரிக்கலாம் என்று கேட்டார். தலைமை நீதிபதி கில்வார்டன் ஆட்கொணர்வு ஆணை தயாரிக்கச் சொன்னார். அது எழுதி முடிவதற்குள் ஆளைத் தூக்கிலிட்டுவிடுவார்களே என்றார் கர்ரன். உடனே நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரீப் படைமுகாமுக்கு ஓடினார். ராணுவம் கீழ்ப்படியவில்லை. அதற்குள் டோன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு கிடந்தார், ஒரு வாரத்தில் இறந்தும் போனார். ஆனால் தூக்கை நிறுத்தும்படி தலைமை நீதிபதி உத்தரவிட்டார், டோனை யாரும் தூக்கிலிடவில்லை. ஊரே ராணுவத்தின் பிடியில் இருந்தபோது, சட்டத்தைச் சொல்லி ராணுவத்தை எதிர்த்து நின்ற வழக்கறிஞர் இவர். பதினான்கு ஆண்டு நாடாளுமன்ற வாழ்க்கையில் இதற்கு ஈடாக ஒரு நாளை எதிரணி காட்டட்டும்.

தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன் நடுவர் அவர்களே. நன்றி.