நாய்களையும் கூட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போகவேண்டும்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகிற கணவன் மனைவிக்கு நிம்மதி எது, வளர்க்கிற நாய்களைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கத்திரி வெயில் நாய்க்கு ஆகாது, பயணத்தில் தொல்லை, ஊர் சுற்றிப் பார்க்க முடியாது என்று மூன்று காரணம் அடுக்கினார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். மூன்றாவது காரணத்தைச் சொல்லி என் பேச்சுக்கு அவரே பிள்ளையார் சுழி போட்டுக் கொடுத்துவிட்டாரே!

ஊர் சுற்ற முடியாதுதான் ஐயா. அதுதானே வேண்டும்!

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். நாய் இல்லாமல் போகிற நம் ஊர்த் தம்பதி அங்கே என்ன செய்வார்கள்? காலையில் டேனிஷ் கோட்டை. 1620-ல் கட்டியதாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு செல்ஃபி. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய ஊராயிற்றே, அதற்கு இன்னொன்று. சரி, கடலைப் பார்த்து உட்காருவார்களா? மாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று கணவர் ஆரம்பிப்பார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திருக்கடையூர் போகாமலா? மனைவி சும்மா இருப்பாரா? அப்படியே பூம்புகார், வைத்தீஸ்வரன் கோயில். அப்புறம் வண்டியைத் தெற்கே திருப்பி நாகூர், வேளாங்கண்ணி. எல்லாம் ஒரே நாளில், மே மாத வெயிலில்! ராத்திரி கால் வீங்கி அறைக்கு வந்து, "எல்லாம் உன்னாலதான்", "இல்ல, உங்களாலதான்" என்று சண்டை. நடுவர் அவர்களே, இதற்கா லீவு போட்டோம்?

எங்கள் வீட்டில் நாய் இரண்டு. ஒன்று சிப்பிப்பாறை. இன்னொன்று தெருவிலிருந்து வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது. இவற்றோடு போனால் கோயிலுக்குள் நுழைய முடியாது, கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகமும் கிடையாது. காரில் பூட்டிவிட்டுப் போகலாமா என்றால் அது கொலைக்குச் சமம். வெயிலில் நிற்கிற கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். ஆக, ஊர் சுற்றும் பட்டியல் அங்கேயே கிழிந்தது. மிச்சம் இருப்பது கடல் ஒன்றுதான்.

வெயிலுக்கு வருகிறேன். எதிரணி சொன்னது உண்மை, மறுக்கவில்லை. நாயின் உடல் சூடு இயல்பாகவே 38, 39 டிகிரி செல்சியஸ். நம்மைப்போல் உடம்பு முழுக்க அதற்கு வேர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம் வேர்க்கும். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாய்க்கு ஆகாத அந்த வெயில் நமக்கு மட்டும் ஆகுமா? நமக்கும் ஆகாது. ஆனாலும் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் நிற்போம். நாய் கூட இருந்தால் நிற்க முடியாது, அவ்வளவுதான்.

நாயின் நேரத்துக்கு நடந்து பாருங்கள். விடிவதற்கு முன்பே மணலில் இறங்கவேண்டும், எட்டு மணிக்குள் திரும்பிவிடவேண்டும். புறங்கையைத் தரையில் சில நொடி வைத்துப் பார்த்து, கை பொறுக்கவில்லை என்றால் அதன் பாதமும் பொறுக்காது. பிறகு சாப்பாடு, தூக்கம். தரை நன்றாகச் சூடேறிய பிறகுதான் கடற்காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக வீசுகிற நாளில் அது இன்னும் தாமதமாகும். வரட்டுமே, நமக்கென்ன அவசரம்? நாய் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும், நாமும் படுத்திருப்போம். காற்று வந்ததும் மறுபடி ஒரு நடை. கோடையில் கடலோரம் எப்படி வாழவேண்டுமோ அந்த நேர அட்டவணை இதுதான். மனைவி சொன்னால் கணவர் கேட்கமாட்டார், கணவர் சொன்னால் மனைவி கேட்கமாட்டார். நாய் சொன்னால் இருவரும் கேட்போம்.

அந்த நடையில் இன்னொன்றும் நடக்கிறது. ஆளுக்கு ஒரு கயிறு கையில் இருப்பதால் போனை எடுக்க முடியாது. வேறு வழியில்லாமல் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வார்கள்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனுக்கு விலை என்ன, வாங்கலாமா, அவித்து முள் எடுத்து இதுகளுக்கும் கொடுக்கலாமா என்று சாதாரணப் பேச்சுதான். வீட்டில் அதற்குக்கூட நேரம் இருப்பதில்லையே.

பயணத் தொல்லை என்றார். ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கூப்பே, அதாவது இரண்டு பேர் படுக்கிற தனி அறை, முழுவதையும் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள ரயில்வே விதியிலேயே இடம் உண்டு. எங்களைப்போல் இரண்டு வைத்திருந்தால் கார்தான் தோது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். நாய்க்காக வழியில் பல இடங்களில் நிறுத்தியாகவேண்டும். "எங்கயும் நிறுத்தாம ஓட்டிட்டு வந்தேன்" என்று பெருமை பேச முடியாமல் போவது கணவருக்கு நஷ்டம். என் இடுப்புக்கு லாபம்.

நாய்களை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்களே, அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே வங்காள விரிகுடா. இரண்டு பேரும் போனில் ஹாஸ்டல் கேமராவைப் பார்த்துக்கொண்டு, "தட்டுல அப்படியே வச்சிருக்கான் பாருங்க" என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

கயிறை அவிழ்த்து விடாதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீன் விஷம், வாய் வைத்தால் ஆபத்து. கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தி எடுக்கும், ஆகவே நல்ல தண்ணீர் கையோடு இருக்கட்டும். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்துச் சூட்டைத் தணிப்பதே கஷ்டம். அவை கோடையில் வீட்டிலேயே இருக்கட்டும், உங்கள் அம்மாவைத் துணைக்கு வரச்சொல்லுங்கள். அந்த நாய்களுக்காக மட்டும் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் போட்டுவிடுங்கள், நடுவர் அவர்களே. மற்றதெல்லாம் எங்களுக்கு. நன்றி, வணக்கம்.